அத்தைக்கு வராத கண்ணீர்

சின்ன வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானில்லை, அத்தை.

அத்தை, அப்பாவின் தங்கை. பதினைந்து வயதிலிருந்தே மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவள். இரண்டாயிரத்து ஐந்தில் மாமா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். சாவு வீட்டில் அத்தை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று அவள் மாமியார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் நல்லது நடக்கவேண்டும் என்று மாமாவின் தம்பிக்குக் கல்யாணம் வைத்தார்கள். தாலியறுத்தவளுக்குப் பந்தலில் என்ன வேலை? கொல்லைப்புறத்தில் ஒரு மூட்டை வெங்காயத்தின் முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். துணைக்கு அம்மாவும் நானும் பக்கத்து வீட்டுப் பெண்களும் உட்கார்ந்தோம்.

அம்மா வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தாள். ஒருத்தி காற்றடிக்கும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் வாயில் வேப்பங்குச்சியைக் கவ்விக்கொண்டேன். ஒன்றும் பலிக்கவில்லை, எல்லோருக்கும் கண்ணும் மூக்கும் ஒழுகின. அத்தையின் கண் எப்போதும்போல் சிவந்திருந்தது, அவ்வளவுதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எங்க அத்தைய பாருங்க! கண்ணுல தண்ணியே வரல!" என்று கூவினேன்.

அந்தப் பக்கம் வந்த மாமியார் நின்றாள்.

"புருஷன் பொணத்த எடுக்கும்போதே வரல. வெங்காயத்துக்கா வரப்போவுது?"

அதற்குப் பிறகு யாரும் அத்தையிடம் பேசவில்லை. அம்மா என் தொடையைக் கிள்ளினாள், எதற்கென்று எனக்குப் புரியவில்லை. மறுவாரமே அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கல்நெஞ்சுக்காரியோடு ஒரே கூரையின்கீழ் இருக்கமுடியாதாம்.

வளர்ந்தபிறகு அவளைப் புதுச்சேரிக்குக் கண் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். உப்பளத்து வெயிலும் காற்றும் பட்டுப் பட்டுக் கண்ணீர் சுரப்பதே எப்போதோ வற்றிவிட்டது என்றார் அவர்.

"அப்ப வெங்காயம் அரிஞ்சா இவங்களுக்கு எரியாதா டாக்டர்?"

"எரியும்மா. கண்ணீர் வந்தாத்தானே அதக் கழுவி விடும்? நம்மளவிட இவங்களுக்குத்தான் அதிகமா எரியும்."

பாவி நான்! அன்றைக்குக் கொல்லையில், "உனக்குத்தான் எரியாதே அத்த" என்று என் முறத்திலிருந்த வெங்காயத்தையும் அவள் பக்கம் தள்ளிவிட்டு விளையாட ஓடினேன். அத்தை அதையும் வாங்கி அரிந்தாள்.