இருவருமே இரண்டாயிரம்

இதைப் படிக்கும் நீங்களே சாட்சியாக இருங்கள். நடந்ததை உங்கள் முன் வைக்கிறேன். சென்ற ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில், காஞ்சிபுரத்துத் திருமண மண்டபமொன்றில் கல்லூரிச் சொற்போரின் இறுதிச்சுற்று நடந்தது. முசரவாக்கத்திலிருந்து பேருந்து ஏறியபோதே முதல் பரிசு எனக்குத்தான் என்று முடிவுகட்டியிருந்தேன். அது என் கல்லூரிப் படிப்பின் கடைசி ஆண்டு. இன்னொரு வாய்ப்பு கிடையாது.

வாசலில் மடிக்கணினியோடு அமர்ந்திருந்த மாணவரிடம் என் குறியைச் சொன்னேன்: 2E3. இரண்டாம் எண் கல்லூரி, எதிரணி, மூன்றாம் பேச்சாளர். எதிரணியை E என்று சுருக்கியிருந்தார்கள்.

திரை சிவந்தது.

"இந்த நம்பர்ல ஒரு பொண்ணு உள்ள போயிட்டாங்கபா. நீ யாரோட நம்பர எடுத்துக்கினு வந்திருக்க?"

பத்து மணிக்குப் பதிவு முடிந்துவிடும். பிறகு எவருக்கும் அனுமதியில்லை. கற்ற சொல்வன்மை அனைத்தையும் அங்கேயே இறக்கினேன். திரை அசையவில்லை.

"அதெல்லாம் மேடையில பேசுபா, மொதல்ல வழிய வுடு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அந்த மாணவியை அழைத்து வந்தார்கள். வேறு கல்லூரி, முன்பின் அறியாதவர். அவரும் எதிரணியே, ஆனால் பரிசு தனித்தனி. நான் திரும்பிப் போனால் அவருக்கு ஒரு போட்டியாளர் குறைவு. அவருடைய குறி 20E2. இரண்டு குறிகளையும் பார்த்த அந்த மாணவி சிரித்துவிட்டார்.

"அண்ணா, இவரு மேல தப்பில்ல. இந்த ப்ரோக்ராம பிஎச்பில எழுதினீங்களா? நடுவுல E வந்தா அத எழுத்தா பாக்காது, சைபர் கணக்கா எடுத்துக்கும். ரெண்டுக்கு மூணு சைபர், இருபதுக்கு ரெண்டு சைபர். ரெண்டுமே ரெண்டாயிரம். அதான் ஒரே ஆளுன்னு சொல்லிடுச்சி."

விழாப் பொறுப்பாளர் பட்டுக்கடைக்காரர். "வெல ஒன்னா இருக்குதுன்னு ரெண்டு பொடவையும் ஒரே பொடவைன்னு சொன்னா எப்படிம்மா? இத என் கடையில வெச்சா அன்னிக்கே ஷட்டர் எறக்கணும்!"

"ரெண்டு சமக்குறி போட்டிருக்கிற எடத்துல மூணு போடுங்கண்ணா. எழுத்து எழுத்தா பாக்கும்."

கணினி மாணவர் அவசரமாகத் திருத்தினார். அந்த மாணவியை உள்ளே அழைத்தார்கள். "இவரும் வரட்டும்" என்று என் பக்கத்திலேயே நின்றார். பத்து மணிக்குச் சற்று முன்னால் திரை பச்சையாயிற்று.

அன்று முதல் பரிசு அவருக்கு. அத்தீர்ப்பை மறுக்க இன்றுவரை என்னிடம் ஒரு வாதமும் இல்லை. இரண்டாம் பரிசு பெற்ற நான் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். முன்கூட்டி மனனம் செய்யாமல் நான் மேடையில் பேசியது அன்றுதான். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, அவையறிய உரைத்தேன்: "இனி எந்தப் போட்டியிலும் தவறில்லாத ஒருவர் வாசலில் நிறுத்தப்பட்டால், அவர் என்னை வெல்லக்கூடியவரே ஆனாலும், அவர் உள்ளே வரும்வரை நான் மேடை ஏறமாட்டேன்."