கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு டெய்லர்

எங்கள் தெரு டெய்லர் மாஸ்டர் தினமும் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் படுத்து, சிட்டிங்குக்கு ஒரு வயதைக் கழற்றிப் போட்டுவிட்டு வருகிறார் என்றார் இஸ்திரிக்கடைக்காரர். அவர் சொன்னால் பாதியாவது பொய்யாக இருக்கும். எந்தப் பாதி என்று பார்க்கக் கிளம்பினேன்.

குழாய் நிஜம். வயது புளுகு. நடுவில் ஒரு கால்.

மாஸ்டரின் வலது பாதத்தில் எட்டு மாதமாக ஆறாத சர்க்கரைப் புண். "முப்பது சிட்டிங்ல மூடலேன்னா முன்பாதத்தை எடுத்துடணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல் மெஷினை மிதிக்கும் கால் போனால் மாஸ்டருக்கு மிச்சம் பொத்தானுக்குக் காஜா எடுப்பதும் கதை அளப்பதும்தான். ஆகவே அவர் ரத்தத்தையே எடுத்து, மெஷினில் சுற்றி, பிரிந்து வந்த மஞ்சள் நீரைப் புண்ணில் வைத்தார்கள். பிறகு குழாய்க்குள் படுக்கவைத்து, அழுத்தம் ஏற்றி, ஆக்சிஜன்.

"கஸ்டமர் துணியில மிச்சம் புடிச்சு அவங்களுக்கே ஒட்டுப் போடுவேன்ல சார், அதே டெக்னிக்!" என்று மாஸ்டர் குதூகலித்தார்.

குழாயை இயக்கும் அக்கா கண்டிப்பில் ரயில்வே கேட். உள்ளே எண்ணெய், சீப்பு, நைலான் எதுவும் ஆகாது. உரசலில் ஒரு பொறி பறந்தால் போதும், ஆக்சிஜனில் எல்லாம் பற்றிக்கொள்ளும். ஆஸ்பத்திரியின் பருத்தி அங்கி மட்டுமே. அதன் தோளோ ஒரே கோணல். மாஸ்டருக்குப் புண்ணைவிட அதுதான் வலித்தது. பதினோராம் நாள் அங்கியை வீட்டுக்குக் கடத்தி, பிரித்து, அளவெடுத்துத் தைத்து, மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

அக்கா தையலை நகத்தால் நெருடினார். "என்ன நூல் இது?"

"பாலியஸ்டரும்மா. பருத்தின்னா பட்டுனு அறுந்துடும்."

"அப்ப வீட்டுக்குப் போங்க."

"ஒரு நூலுக்காகவா?"

"ஒரு நூலுக்காகத்தான்."

ஒரு நாள் வீண். "காலு போகுதுன்னு டாக்டர் கத்துறாரு, இவருக்குத் தோள்பட்டை கவலை!" என்று மனைவி வழியெல்லாம் அர்ச்சனை செய்தார். மறுநாள் அதே அங்கி பருத்தி நூலில் வந்தது. அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் பதினோரு அங்கி இப்படித்தான் கோணிக்கிட்டு கிடக்கு. சரி பண்ணித் தருவீங்களா மாஸ்டர்?"

"காலு இருந்தா தர்றேன்."

முப்பதாவது சிட்டிங் முடிந்தபோது புண் மூடியிருந்தது. வேலை செய்தது ரத்தமா, ஆக்சிஜனா? டாக்டரையே கேட்டேன்.

"ரெண்டும்னுதான் நம்புறோம். சர்க்கரையைக் குறைச்சதையும் சேர்த்துக்குங்க. குறையாதது அவர் வாய் மட்டும்தான்."

இப்போது கடையில் தையல் மெஷின் தடதடக்கிறது. பத்து அங்கிகள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துவிட்டன. பதினொன்றாவது கடைக் கொக்கியிலேயே தொங்குகிறது. அக்கா வாரம் தவறாமல் போன் செய்கிறார்.

"காஜா மட்டும் பாக்கிம்மா, நாளைக்குக் கண்டிப்பா!"

அந்த அங்கியில் பொத்தானே கிடையாது. நாடாதான்.