வேலியோரத்து நாய்க்கல்

கல்லறைக் கல்லை அடியிலிருந்து மேல்நோக்கித்தான் தேய்க்க வேண்டும். மேலே ஆரம்பித்தால் அழுக்கு நீர் வழிந்து கோடு விழும். ஆர்டித் பெல்க்நாப் முழங்காலுக்கு அடியில் பழைய ரப்பர் பாயை மடித்துப் போட்டுக்கொண்டு தேய்க்கிறார். மென்மையான நார்ப் பிரஷ், ஒரு வாளி வெறும் தண்ணீர். சோப்பு கூடாது; கம்பிப் பிரஷ் கொண்டுவருகிறவரை வேலிக்குள்ளேயே விடமாட்டார். முதலில் ஜோசையா, பிறகு அவர் மனைவி தர்ஸா, பிறகு தம்பிகள் இருவர், ஏழு பிள்ளைகள். வயது வரிசை மாறாது. கடைசியில் வேலியோரம் எழுத்தே இல்லாத ஓர் ஆற்றுக்கல். அதற்குள் வாளித் தண்ணீர் சேறாகியிருக்கும்.

"நாய்க்கு மிச்சத் தண்ணி போதும்" என்று சொல்லி அதைக் கவிழ்ப்பார். ஐம்பது வருடமாக, ஊரில் முதலில் குடியேறியவர்களை நினைக்கும் ஜூன் மாதத்து முன்னோடிகள் தினத்தின் காலையில் இதுதான் நடந்தது.

கலிஃபோர்னியாவின் பிட்டர் பார் ஊரில் ஆர்டித்தைப் பிடித்தவர்கள் குறைவு. தபால் அலுவலகக் கவுண்டரில் முப்பத்தோரு வருடம் நின்ற பெண்மணி. ஓய்வுக்குப் பிறகு நூலகத்தின் பின்னால் உள்ள வரலாற்று அறை அவர் வசம். பூதக்கண்ணாடி கழுத்தில் தொங்கும். உள்ளே பேனா கொண்டுவரக் கூடாது, பென்சில்தான். "எங்க தாத்தாதான் இந்த ஆத்துல முதல் தங்கத்தை எடுத்தாரு" என்று யாராவது ஆரம்பித்தால் கையை நீட்டுவார். "காகிதம் இருக்கா? இருந்தா காட்டுங்க. இல்லன்னா அது கதை." ஒரு குடும்பத்தின் இங்கிலாந்துப் பிரபு திவாலான செருப்பு வியாபாரி என்று காட்டியிருக்கிறார். இன்னொரு குடும்பத்தின் போர்வீரர் பட்டாளத்திலிருந்து ஓடிப்போனவர். அந்த வீடுகளில் யாரும் அவரை விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. எழுபத்து நாலு வயதில் தனியாக அவித்த பீன்ஸைத் தின்றுகொண்டு, "உண்மைக்கு நல்ல பசி எடுக்கும்" என்பார்.

சொந்த வீட்டுக் கதையிடம் மட்டும் அவர் காகிதம் கேட்கவில்லை.

ஜோசையா பெல்க்நாப் மிசூரியிலிருந்து மாட்டு வண்டி கட்டி, ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பதில் தங்கம் தேடி வந்தவர். தங்கம் கொஞ்சம்தான் கிடைத்தது. ஆற்றைக் கடக்கப் படகு விட்டுப் பிழைத்துக்கொண்டார். கேப்டன் என்ற நாய் சமவெளி முழுவதும் வண்டியோடு நடந்து வந்ததாம். வேலியோரக் கல் அதனுடையதாம். முன்னோடிகள் தினத்தன்று வேலியருகே நின்று அந்த வீட்டாரின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஒவ்வொரு பெயருக்கும் வாரிசு ஒருவர் முன்னால் வந்து "இருக்கேன்!" என்று குரல் கொடுப்பார். முடிந்ததும் குழந்தைகள் ஓடிப்போய் நாய்க்கல்லின் மேல் பிஸ்கட் வைப்பார்கள். ஆர்டித்தும் வைத்தவர்தான்.

ஒரேகானில் இறந்த தூரத்து உறவினர் ஒருவரின் பெட்டியிலிருந்து தர்ஸாவின் நாட்குறிப்பு இந்த மார்ச்சில் வந்து சேர்ந்தது. ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்று, பிப்ரவரியில் மூன்று வரி: "மேரியை வேலியோரம் புதைத்தோம். மண் கெட்டியாக இருந்தது. மாலையில் ரொட்டி சுட்டேன்."

பிள்ளைகள் ஏழு பேரில் மேரி கிடையாது. ஆர்டித் அதற்கு முந்தின வருடத்து, ஆயிரத்து எண்ணூற்று அறுபதின், மக்கள்தொகைக் கணக்கை எடுத்தார். பதினோரு பெயருக்குக் கீழே பன்னிரண்டாவது வரி: மேரி, வயது ஒன்பது, இந்தியர். அமெரிக்கப் பூர்வகுடிகளை அன்று அப்படித்தான் எழுதினார்கள். முன்பும் பார்த்த வரிதான். வேலைக்காரி என்று தாண்டிப் போயிருந்தார். அன்றைக்குத்தான் மாவட்டத்தின் ஒப்பந்தப் பதிவேட்டையும் புரட்டினார். அதே வருடம், ஒன்பது வயதுப் பூர்வகுடிச் சிறுமி ஒருத்தி, இருபத்தோரு வயது வரை ஜோசையாவின் வேலைக்கு. பெற்றோர் சம்மதம் என்ற இடத்தில் "பெற்றோர் இல்லை". அவர்களை இல்லாமல் ஆக்கியது யார் என்று எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது. அடிமைகளே இல்லாத சுதந்திர மாநிலம் என்று கலிஃபோர்னியா மார்தட்டிக்கொண்டிருந்த காலம் அது. குழந்தைகளைப் பிடித்து வேலைக்கு வைக்கத் தனியாக ஒரு சட்டம் போட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

நாயைப் பற்றியும் காகிதம் இருந்தது. தர்ஸா தன் தங்கைக்கு வழியிலிருந்து எழுதிய கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள், ஆர்டித்தின் மேசைக்கு மேலேயே தொங்குகிறது. "கேப்டனை ஹம்போல்ட் பாலைவனத்தில் விட்டுவிட்டோம். நாலு காலும் புண்." இருபது தடவை படித்துக் கண் கலங்கியிருக்கிறார். அந்த நாய் இந்த ஊர் மண்ணை மிதிக்கவே இல்லை என்பது ஒரு தடவைகூட மண்டையில் உறைக்கவில்லை.

என்றைக்கோ ஒரு பிள்ளை, இது யார் என்று கேட்டிருக்கும். உண்மையைச் சொல்ல யாருக்கோ வாய் வரவில்லை. நாய் என்று சொல்லிவிட்டார்கள். நாலு தலைமுறை பிஸ்கட் வைத்தது.

ஜோசையா வீட்டாருக்கு வெண்கலப் பலகை வைக்க வேண்டும் என்று இருபது வருடமாக முன்னோடிகள் சங்கத்துக்கு எழுதியவர் ஆர்டித்தான். இந்த வருடம் சங்கம் சம்மதித்தது. அவர் கையெழுத்திட்ட பெயர்ப் பட்டியல்தான் பாக்கி. பட்டியல் வாங்க வந்த தம்பி மெர்ல், மரலாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், அதில் பன்னிரண்டாவதாக இருந்த வரியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி மேசையில் போட்டார்.

"பன்னெண்டு எழுதினா பலகையே வேணாம்னுடுவாங்க, அக்கா."

"வேணாம்னா போகட்டும்."

"இருபது வருஷமா நீதான உசுரை விட்டே? எனக்கா வெண்கலம் கேக்குது?"

"நான்தான்டா."

"அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும் வச்சிருந்தாங்க. சட்டப்படிதான வச்சிருந்தாங்க?"

"சட்டப்படிதான். ஒத்துக்கறேன். திருட்டுத்தனமா வச்சிருந்தாகூட நம்ம ஆளுக்குக் கொஞ்சம் கூச்சம் இருந்துச்சுன்னு நெனச்சுக்கலாம்."

"ஊர்ல எல்லார் வீட்டுக் கதையையும் கிழிச்சுப் போட்டே. இப்ப நம்ம வீட்டுக்கு வந்துட்டியா?"

"வரிசைல கடைசி நம்ம வீடு. லேட்டுதான்."

மெர்ல் கதவை அறைந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருக்கும் வெர்னா மைடு என்ற பூர்வகுடி இனத்தவர். அவருடைய ஆட்கள் தங்கம் வருவதற்கு முன்பே இந்த ஆற்றங்கரையில் இருந்தவர்கள். ஆர்டித் நாட்குறிப்பு, கணக்கு, ஒப்பந்தம் மூன்றின் நகலையும் அவர் முன்னால் வைத்தார். வெர்னா நிதானமாகப் படித்தார்.

"மேரின்னு வாசிக்காதீங்க. அது உங்க ஆளுங்க வச்ச பேரு."

"அப்ப அவ பேரு என்ன?"

"என்னைக் கேட்டா? எழுதி வச்சுக்கிட்டது நீங்கதானே. நாய்க்கு மட்டும் மறக்காம பேரு எழுதிருக்கீங்க."

ஆர்டித், "முன்னோடிகள் தினத்துல நீங்க வந்து அவளுக்காக 'இருக்கேன்'னு சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"மாட்டேன். அந்த வீட்டுல அவ இருந்தது அவ இஷ்டத்துலயா? செத்தப்புறமும் ஆஜர் வேணுமா உங்களுக்கு?" வெர்னா நகல்களை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இதை எங்க ஆளுங்ககிட்ட காட்டறேன். நீங்க முதல்ல அந்த பிஸ்கட்டை நிறுத்துங்க."

ஜூன் வந்தது. ஆர்டித் பதினோரு கற்களைக் கழுவி, வாளியை வேலியருகே வைத்துவிட்டுப் பட்டியலை எடுத்தார். பதினோரு பெயர், பதினோரு "இருக்கேன்!" வந்தது. தாளை மடிக்காமல் அவர் தொடர்ந்தார். "ஒன்பது வயதில் இந்த வீட்டுக்குப் பிடித்து வரப்பட்ட ஒரு சிறுமி. இரண்டு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. அவளுடைய பெயரை நாம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கல்லுக்கு அடியில் இருப்பது நாய் இல்லை."

யாரும் முன்னால் வரவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தாள். மெர்ல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்; பிறகு வாத்தியக்காரர்களுக்குக் கையைக் காட்டினார். பாட்டு தொடங்கியது. பூங்காவில் சுட்ட இறைச்சி காத்திருந்தது. கூட்டம் இறங்கிப் போயிற்று. வெண்கலப் பலகை வேண்டாம் என்ற சங்கத்துக் கடிதம் ஆர்டித்தின் சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தது.

வேலியருகே வாளியில் அரை அளவு சேற்றுத் தண்ணீர். ஆர்டித் அதைத் தூக்கிப் பாதையோரப் புல்லில் கொட்டினார். குழாய் மேட்டுக்குக் கீழே இருக்கிறது. வலது முழங்கால் லேசில் மடங்காது. வாளியை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு, வேலிக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். ரப்பர் பாயை ஆற்றுக்கல்லின் முன்னால் விரித்தார். தெளிந்த தண்ணீரில் பிரஷை நனைத்து, கல்லின் அடியிலிருந்து ஆரம்பித்தார்.