ஓடினால் குளிரும், நின்றால் கொதிக்கும்: அளவெட்டிக்கு மாப்பிள்ளை ஏற்றிப் போன கார்

இந்தக் கார் அளவெட்டியில் வைத்துக் கொதிக்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். எந்த இடத்தில், எத்தனை சனத்துக்கு முன்னால் என்பது வரைக்கும் சொன்னேன். இப்போது கேட்டால், அப்படி ஒன்றும் சொல்லவில்லையே என்கிறார்கள். சனங்களுக்கு ஞாபகமறதி கூடிவிட்டது. பழைய கார் ஒன்றில் குடாநாட்டுக்குள் ஓட நினைப்பவர்களுக்காவது பயன்படட்டும் என்று நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

போன ஆவணியில் என் அக்காவின் மகன் கோபிக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீடு பருத்தித்துறை, பெண் வீடு அளவெட்டி. மாப்பிள்ளையை என் காரில்தான் கொண்டுபோய் இறக்குவேன் என்று அவன் பிறந்த அன்றே அக்காவிடம் சொல்லியிருந்தேன். அப்போது என்னிடம் சைக்கிள்கூட இல்லை. அதுதான் தூரநோக்கு.

காரைப் பற்றிச் சொல்லவேண்டும். சிவப்பு நிறம், துணிக்கூரை, இரண்டே இரண்டு சீற். இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார், எனக்கு மூத்தது. இலங்கை முழுவதிலும் இப்படி இரண்டுதான் இருக்கின்றன, மற்றது ஓடாது. கொழும்பிலிருந்து ஒருவர் மூன்று தடவை விலை கேட்டு வந்தார். மூன்றாம் தடவை கேற்றடியில் நின்று கண் கலங்கினார். நான் அசையவில்லை.

அசைந்தது என் மனைவி மங்கைதான். கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, நெல்லியடிச் சந்தைக்குப் போன இடத்தில், சனத்துக்கு நடுவே கார் ஆவி விட்டு நின்றது. மரக்கறிப் பையோடு பஸ்ஸில் வீடு வந்தவள் சொன்னாள்:

“இஞ்சாருங்கோ, மாப்பிள்ளையோடை நடுறோட்டிலை நிண்டுதெண்டால், அடுத்த கிழமையே உந்தக் காரைக் கொழும்பு ஆளுக்குக் குடுத்துப்போடுவன். கண் கலங்கினவன் சந்தோசமாப் போகட்டும்.”

மங்கை சொன்னால் செய்வாள். ஆகவே எனக்கு இருந்தது ஒரு மாதம்.

இந்தக் காரின் குணம் என்னைத் தூங்கவிடவில்லை. ஓடினால் குளிர்ந்திருக்கும். அறுபதில் போனால் வெப்பம் காட்டும் முள் நடுவில் நிம்மதியாகப் படுத்திருக்கும். நின்றாலோ, மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தாலோ, முள் எழும்பிச் சிவப்புக் கோட்டுக்குப் போய்விடும். வேலை செய்யும்போது குளிர்ந்து, சும்மா இருக்கும்போது கொதிக்கும் சாமான் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்து என் மச்சான் ஒருவர்தான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டுவிட்டேன். காரோடு வந்த புத்தகம் இங்கிலிஷ் என்பதால் அதன் படங்களை மட்டும் வாசித்தேன். முதலில் றேடியேற்றரைச் சந்தேகித்தேன். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள் வெள்ளையாக ஓடு கட்டுகிற அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் காருக்கும் ஊற்றுகிறோம். பழப்புளியைக் கரைத்து ஊற்றி, ஓர் இரவு விட்டுக் கழுவினேன். வந்த வெள்ளைக் கழிவில் ஒரு வீட்டுக்கே சுண்ணாம்பு அடித்திருக்கலாம். அதற்குப் பிறகு மழைத்தண்ணீர்தான் ஊற்றுகிறேன். கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் நின்றால் கொதித்தது.

அடுத்து றப்பர் குழாய்கள், மூடி, பெல்ற், எல்லாம் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் பொனற்றைத் திறந்து வைத்து, கதிரை போட்டு இருந்து, ஓடும் என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பிடிபட்டது. என்ஜினின் விசிறி என்ஜினோடுதான் சுற்றுகிறது. என்ஜின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகச் சுற்றும். கார் ஓடும்போது எதிர்க்காற்று வந்து குளிர்விக்கும், நிற்கும்போது அந்தக் காற்றும் இல்லை. இதை இங்கிலாந்தில் கண்டுபிடிக்க அவர்களுக்கு அவசியம் வரவில்லை. அங்கே மாப்பிள்ளைக்கு முன்னால் தவில் அடிப்பதில்லை.

மருந்து, பற்றறியில் ஓடும் விசிறி ஒன்றை றேடியேற்றருக்கு முன்னால் பூட்டுவது. வட்டுக்கோட்டையில் பழைய வான்களை உடைத்து விற்கும் இடத்தில் ஜப்பான் விசிறி ஒன்று ஏழாயிரம் ரூபாவுக்கு அகப்பட்டது. அங்கேதான் சின்னக்கிளி அண்ணை என்ற மெக்கானிக் பூட்டித் தந்தார். தங்கப் பல், இரண்டு கையிலும் மணிக்கூடு. கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுப் பார்த்தே ஸ்பனரின் இலக்கம் சொல்வார். சுவிச்சைப் போட்டதும் விசிறி ‘ஹூம்’ என்று ஓடியது. சத்தம் கேட்டது போதும் என்று பொனற்றை மூடினோம். வரும் வழியெல்லாம் அறுபதில் வந்தேன், விசிறி தேவைப்படவில்லை.

கலியாணத்தன்று காலை ஆறரைக்குப் பருத்தித்துறையில் புறப்பட்டோம். நான் ஸ்ரேறிங்கில், பட்டு வேட்டி தலைப்பாவோடு கோபி பக்கத்தில். மாப்பிள்ளைத் தோழன் பெண்ணின் தம்பி துஷி. எங்கள் வழக்கப்படி அவன்தான் மாப்பிள்ளையை வந்து அழைத்துப் போகவேண்டும். இரண்டு சீற் காரில் மூன்றாம் ஆளுக்கு இடமில்லை என்பதால் பின்னால் மடித்த துணிக்கூரையின் மேல் இருத்தினேன். மங்கையும் மற்றவர்களும் வான் ஒன்றில் பின்னால் வந்தார்கள்.

வல்வெட்டித்துறைக் கரையோரம் எங்கும் நிறுத்தாமல் ஓட்டினேன். தொண்டைமானாற்றுப் பாலத்தில் கொக்குகள் ஒற்றைக் காலை ஊன்றி எங்களையே பார்த்தன. அச்சுவேலியில் பிளேன்ரீ குடித்தோம். புன்னாலைக்கட்டுவன் செம்மண் தோட்டங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினார்கள். முள் நடுவில் படுத்திருந்தது.

மல்லாகத்தில் புகையிரதக் கேற் பூட்டியிருந்தது. நின்றோம். முள் எழும்பியது. புது விசிறியைப் போட்டேன். முள் இன்னும் வேகமாக எழும்பியது. ஆனால் ஒரு வித்தை கைவசம் இருந்தது. குளிர் தேசத்துக் கார் என்பதால் உள்ளே ஹீற்றர் உண்டு. அதைத் திறந்தால் என்ஜினின் சூட்டில் ஒரு பங்கு காருக்குள் வந்துவிடும், என்ஜின் தப்பும். திறந்தேன்.

“மாமா, காலுக்கை நெருப்பு வருது!” என்றான் கோபி.

“மாப்பிள்ளை எண்டால் கொஞ்சம் சூடு வேணும். இரு.”

“அங்கிள், இது கலியாணக் காரோ, புட்டுப்பானையோ?” என்றான் துஷி பின்னாலிருந்து. “மாப்பிள்ளை அவிஞ்சு வந்தவர் எண்டு அக்காட்டை என்னெண்டு சொல்லுறது?”

ரயில் போய், கேற் திறந்து, நாலு எட்டு ஓடியதும் முள் படுத்துவிட்டது.

மைல் மீற்றர் புறப்பட்டதிலிருந்து பத்தொன்பது மைல் காட்டியபோது அளவெட்டிப் பிள்ளையார் கோயிலடி. கிலோமீற்றரில் முப்பதுக்குச் சற்று மேல். அங்கிருந்து மண்டபத்துக்கு முக்கால் கிலோமீற்றர்தான். ஆனால் அது அளவெட்டி முக்கால் கிலோமீற்றர். நாதஸ்வரத்துக்குப் பேர்போன ஊர். மற்ற ஊர்களில் மேளக்காரர் வாசித்துக்கொண்டு நடப்பார்கள், இங்கே நின்று வாசித்துவிட்டு இடைக்கிடை நடப்பார்கள். கேட்கிற சனமும் நகரவிடாது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பின்னால் ஆமை வேகத்தில் என் கார். விசிறியைப் போட்டேன், ஹீற்றரையும் திறந்தேன். முள் சிவப்பைத் தொட்டது. றேடியேற்றர் பொருமத் தொடங்கியது. பின்னால் வானின் முன்சீற்றில் மங்கை கையைக் கட்டிக்கொண்டு இருந்தது கண்ணாடியில் தெரிந்தது.

அப்போதுதான் முன்னால் நின்ற தவில்காரர் திரும்பி, அடித்துக்கொண்டே காருக்குக் கிட்ட வந்தார்.

“அண்ணை, உங்கடை கார் என்ரை முதுகிலை மூச்சு விடுது.”

“எஞ்சின் எண்டால் சூடு வரும்தானே, தம்பி.”

“சூடு வரட்டும். ஏன் முன்னுக்கு வருது? நான் எத்தினை கலியாணக் காருக்கு முன்னாலை நிண்டிருப்பன்! ஒண்டும் இப்பிடி ஊதினதில்லை. வேட்டி காலுக்கை சுத்துது.”

நான் என்ஜினை நிறுத்திவிட்டு, விசிறியை மட்டும் ஓடவிட்டு இறங்கினேன். காரின் முகத்தில் மங்கை கட்டிய மல்லிகை மாலையும் சரிகை நாடாவும். நாடாக்கள் அத்தனையும் றோட்டுப் பக்கமாக நீட்டிக்கொண்டு பறந்தன. கார் நிற்கிறது, ஊரில் காற்றில்லை, நாடா முன்னுக்குப் பறக்கிறது! கையை வைத்தேன். அடுப்படிக் காற்று. விசிறி காற்றை உள்ளே தள்ளவில்லை, வெளியே இழுத்து ஊதிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்த என்ஜின் விசிறி உள்ளே இழுக்க, இது வெளியே இழுக்க, இரண்டும் சண்டை.

ஏன் என்றும் அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இந்தக் காலத்துக் கார்களில் பற்றறியின் மைனஸ் பக்கம்தான் பொடியில், அதாவது காரின் இரும்பு உடம்பில், பூட்டியிருக்கும். இந்த வயதுக் காரில் பிளஸ் பக்கம் பொடியில். ஜப்பான் விசிறியின் கறுப்பு வயரை வழக்கம்போலப் பொடியில் பூட்டினால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் ஒன்றுதான், காற்று எந்தப் பக்கம் போகிறதென்று எவர் பார்த்தார்கள்? சின்னக்கிளி அண்ணை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பூட்டியிருக்கிறார்.

வயரை மாற்றவேண்டும், அதற்கு நேரம் வேண்டும். மூத்த நாதஸ்வரக்காரரிடம் போனேன். “அண்ணை, நீட்டா ஒண்டு வாசியுங்கோ. மாப்பிள்ளை ஆசைப்படுறார்.”

“மாப்பிள்ளைக்கு என்ன வேணுமாம்?”

“நீளமா எது இருக்கோ அது.”

அவர் என்னையும், ஆவி விடும் காரையும் ஒருமுறை பார்த்தார். சிரிக்காமல் தோடி ராகத்தை எடுத்தார். ஊர்ச்சனம் காரைச் சுற்றி அப்படியே உறைந்துவிட்டது. எனக்கு வசதி. துஷி இறங்கி, எதிர்வீட்டில் தேங்காய் வெட்டும் கத்தி வாங்கி வந்தான்.

“அங்கிள், உங்களுக்கு உண்மையிலை தெரியுமோ, இல்லாட்டி என்ரை அக்காவின்ரை கலியாணத்திலை படிக்கிறியளோ?”

“லைற்றைப் பிடி, கதைக்காதை.” அவன் போன் வெளிச்சத்தைப் பிடித்தான். கத்தி நுனியால் திருகாணியைக் கழற்றி, கறுப்பு வயரை சுவிச்சின் வயரோடும் மற்றதைப் பொடியோடும் பூட்டினேன். சுவிச்சைப் போட்டேன். நாடாக்கள் ஒன்றாகத் திரும்பிக் காரின் முகத்தில் ஒட்டிக்கொண்டன. மல்லிகையில் பாதி உள்ளே போய்விட்டது.

றேடியேற்றர் மூடியைத் திறக்கவில்லை. கொதிக்கும்போது திறப்பவன் முகத்தை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். தோடி முடியும்வரைக்கும் விசிறியை ஓடவிட்டு, பிறகு என்ஜினைக் கிளப்பினேன். முள் இறங்கி நடுவில் படுத்தது. மிச்சத் தூரத்தை ஊர்ந்து, நின்று, ஊர்ந்து போனோம், அசையவில்லை. தவில்காரர் ஒருமுறை முதுகைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். முகூர்த்தத்துக்கு நேரம் மிச்சமிருக்க மண்டபத்தில் இறங்கினோம்.

பந்தியில் மங்கை பக்கத்தில் வந்து இருந்தாள்.

“தோடிக்கு நிண்டதோ, கார் நிண்டதோ?”

“கார்தான் நிண்டது. ஆனால் காரிலை பிழை இல்லை, மங்கை. அந்தச் சின்னக்கிளி வயரை மாறிப் பூட்டிப்போட்டான்.”

அவள் பாயாசத்தைக் குடித்து முடித்தாள். “அப்ப கார் நிக்கட்டும். ஆனால் உந்தச் சின்னக்கிளியிட்டை இனிப் போகக்கூடாது. அவன்ரை கை உந்தக் காரிலை பட்டுதெண்டால் கார் கொழும்புக்கு.”

இதைப் படித்துவிட்டுப் பழைய காரோடு புறப்படுகிறவர்களுக்கு: காலை எட்டுக்கு முன் ஓடுங்கள். மழைத்தண்ணீர் இரண்டு போத்தல் வைத்திருங்கள். பற்றறியின் எந்தப் பக்கம் பொடியில் இருக்கிறதென்று பாருங்கள். விசிறி பூட்டினால் சத்தத்தை நம்பாதீர்கள், முன்னால் ஒரு நாடா கட்டிப் பாருங்கள், காருக்குள் போக நினைக்கிறதா, ஓட நினைக்கிறதா என்று. ஹீற்றரைக் கழற்றி எறியாதீர்கள், மாப்பிள்ளை கத்தினாலும்.

வட்டுக்கோட்டைக்கு மட்டும் போய் அலையவேண்டாம். விசிறி வாங்கியது அங்கேதான், அது உண்மை. ஆனால் சின்னக்கிளி என்று ஒருவர் இல்லை. எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே, கறுப்பு வயர் பொடிக்குத்தானே என்று பூட்டியதும், ‘ஹூம்’ என்று கேட்டதும் பொனற்றை மூடியதும் நான்தான். தங்கப் பல் என்னுடையது. மங்கை இந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை. சின்னக்கிளியிடம் இனிப் போவதில்லை என்று அவளுக்கு வாக்கும் கொடுத்துவிட்டேன், ஆனால் தினமும் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் அவரைச் சந்திக்காமல் இருக்க முடியவில்லை.