காதுக்குள் ஊறிய பயறு

தம்பியின் காதில் தட்டைப்பயற்றைப் போட்டவள் நான்தான். அதை இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது, அவனுக்கு ஐந்து.

அந்த வருடம் திருச்செங்கோட்டுத் தேர் நோன்பிக்குப் போயிருந்தபோது, ஒரு மோடிவித்தைக்காரன் கூட்டத்தில் நின்ற பையன் ஒருவனின் இடது காதில் சோழியைப் போட்டு, வலது காதிலிருந்து எடுத்துக் காட்டினான். இரண்டு காதுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். அந்த அறிவைச் சோதித்துப் பார்க்க ஒரு தலை தேவைப்பட்டது. தம்பியின் தலைதான் கிடைத்தது.

அம்மா பிரசவத்துக்காக ஜேடர்பாளையம் பக்கம் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். எங்களைப் பார்த்துக்கொண்டது அப்பாவின் தங்கையான அத்தை. கலியாணமாகி ஆறு வருடமாகியும் குழந்தை இல்லையென்று அவளைப் புருஷன் வீட்டார் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா அதிகம் பேசமாட்டார். அவர் துண்டை உதறித் தோளில் போடும் சத்தத்துக்கே நாங்கள் அடங்கிவிடுவோம்.

ஆடி மாதம். விதைப்புக்காக அத்தை முறத்தில் பயறு பொறுக்கிவிட்டு உள்ளே போனாள். கீழே சிதறிக் கிடந்த ஒன்றை எடுத்துத் தம்பியின் இடது காதில் போட்டேன். அவன் கூச்சத்தில் சிரித்தான். வலது காதின் கீழே உள்ளங்கையை விரித்து வெகுநேரம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தலையை ஆட்டச் சொன்னேன், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். கடைசியில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை விட்டு நெம்பினேன். பயறு இன்னும் உள்ளே போய்விட்டது. அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. அப்பா காட்டில் உழவை முடித்து வருவதற்குள் எடுத்தாக வேண்டும். கிணற்றில் விழுந்த தேங்காய் மட்டை, தண்ணீர் ஏற ஏறத் தானாக மேலே வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதே கணக்கில் தம்பியை மாட்டுத்தொட்டி ஓரத்தில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கொட்டாங்குச்சியில் மொண்டு காது நிறைய ஊற்றினேன். அன்று மூன்று தடவை ஊற்றினேன். தண்ணீர் வழிந்து வந்தது, பயறு வரவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். சோறு வேண்டாம் என்றான், மெல்லும்போது வலித்தது. அத்தை என்ன கேட்டும், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அவன் வாயைத் திறக்கவில்லை. அடிக்கடி என்னை மட்டும் பார்த்தான். அவன் பார்வைக்குப் பயந்து நான் சமையலறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

அங்கேதான் அந்த மூட்டையைப் பார்த்தேன். விதைக்கு எடுத்தது போக மிச்சப் பயற்றை அத்தை முந்தின நாளே துணியில் முடிந்து ஊறவைத்து, முளைகட்டுவதற்காகத் தொங்கவிட்டிருந்தாள். முடியும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போது மூட்டை தொளதொளவென்றுதான் இருந்தது. இப்போது கல்லைக் கட்டியதுபோல விறைத்து நின்றது. விரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. இழைகளின் இடுக்கில் தோல் கிழிந்த பயறுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் இரண்டு பங்கு பெருத்து. சிலவற்றில் வெள்ளையாக ஒரு முளை.

நான் ஊற்றிய தண்ணீர் எல்லாம் வழிந்துவிடவில்லை என்று புரிந்தது. அந்தப் பயறு தம்பியின் தலைக்குள் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருக்கிறது. பெருக்கும், தோல் வெடிக்கும், வேர் விடும். வேர் எந்தப் பக்கம் போகும் என்று நினைத்தபோது அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

ஓடிப்போய் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். குச்சியை, தொட்டியை, மூன்று தடவை ஊற்றியதை. அவள் அடிக்கவில்லை. என் முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"உங்கப்பங்கிட்ட நீ ஒண்ணுஞ் சொல்லாத சாமி. நாஞ் சொல்லிக்கறேன்" என்றாள்.

அப்பா வண்டி பூட்டினார். திருச்செங்கோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை தம்பி அத்தையின் மடியில் முனகிக்கொண்டே வந்தான். நான் அவன் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன், பச்சையாக ஏதாவது எட்டிப்பார்க்கிறதா என்று.

டாக்டர் ஒரு சின்னக் குழலை வைத்துக் காதுக்குள் பார்த்தார். நிமிர்ந்து, தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டார். அப்பாவுக்குப் பயறு விஷயமே அத்தை வழியில் சொல்லித்தான் தெரியும், தண்ணீர் ஊற்றியது தெரியாது. அவர் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார். நான் அத்தையின் பின்னால் ஒதுங்கினேன்.

"நாந்தானுங்க" என்றாள் அத்தை. "அவனே வெளையாட்டாப் போட்டுக்கிட்டானுங்க. கழுவுனா வந்துருமின்னு நாந்தான் ஊத்திப்போட்டேன்."

டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். பயற்றைப் போட்டது குழந்தை, அது பெரிதில்லை, காய்ந்தபடி இருந்திருந்தால் ஒரு நிமிடத்தில் எடுத்திருப்பேன், தண்ணீரை ஊற்றிக் காரியத்தைக் கெடுத்தது பெரியவள் என்றார். பிறகு ஸ்பிரிட் புட்டியை எடுத்தார். ஊறிய தண்ணீரை இது வெளியே இழுக்கும், கொஞ்சம் சுருங்கினால்தான் கொக்கிக்கு அகப்படும் என்றார்.

பின்னாளில் நான் ஆசிரியையாகி, இந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தியிருக்கிறேன். விதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் அறைகள். வெளியே தண்ணீர் மிகுந்தும் உள்ளே குறைந்தும் இருந்தால், மெல்லிய சவ்வு வழியாக அது உள்ளே போகும். ஓர் அறை நிறைந்ததும் பக்கத்து அறை அதனிடமிருந்து வாங்கிக்கொள்ளும். வெளியே இருப்பது ஸ்பிரிட் போலத் தண்ணீர் குறைந்த வேறு திரவமானால், போன தண்ணீர் வந்த வழியே திரும்பும். கரும்பலகையில் அம்புக்குறி போடும்போதெல்லாம் என் கை ஒரு கணம் நிற்கும். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது.

ஸ்பிரிட் விட்டதும் தம்பி அலறிய அலறல் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. அத்தை அவன் தலையைப் பிடிக்கப் போனாள்.

"நீ தொடாத. அந்தப் பக்கம் போய் நில்லு" என்றார் அப்பா.

அவள் வாசலுக்குப் போய் நின்றாள். அப்பா தலையைப் பிடித்தார், நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி மறுபடி சொட்டு விட்டுக் காத்திருந்து, கடைசியில் கொக்கியை விட்டு டாக்டர் அதை எடுத்தார். தோல் சுருங்கி, ஒரு பக்கம் கிழிந்து, இரத்தம் ஒட்டிய ஒரு பயறு. அவ்வளவுதான். வேர் ஏதும் இல்லை. நான் இரண்டு தடவை உற்றுப் பார்த்தேன்.

தம்பி பிழைத்துக்கொண்டான். அந்தக் காது மட்டும் கொஞ்சம் மந்தம். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சத்தியம் வாங்கியதை மறந்துவிட்டானோ, வைத்துக் காப்பாற்றினானோ, அவனும் பிறகு பேசவே இல்லை.

மூன்று மாதம் கழித்து அம்மா தங்கச்சிப் பாப்பாவோடு வந்தாள். முதல் நாள் பாப்பாவைக் குளிப்பாட்ட அத்தை வெந்நீர் விளாவி, எண்ணெயும் கடலைமாவும் எடுத்துவைத்து, புறக்கடையில் மணை போட்டு, பாப்பாவைக் கிடத்துவதற்காக இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா குழந்தையோடு வந்தபோது அப்பா கதவருகே நின்று சொன்னார்:

"தண்ணி ஊத்தற வேலையெல்லாம் இவகிட்ட வேண்டாம். நீயே ஊத்திக்க."

அத்தை நீட்டிய கால்களை மெல்ல மடக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போயிருக்கும், அதனால்தான் அப்படி நடக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் பாப்பாவின் குளியலை வேடிக்கை பார்க்க முன்னால் போய் நின்றேன்.