தண்ணிக்குத் துணை

காய்ந்து கிடக்கும் ஆற்றில் முதல் தண்ணீர் ஓடி வராது. மணல் குடித்தது போக மிச்சம் இருப்பதுதான் முன்னால் நகரும். எட்டு வயதுப் பெண் பிள்ளை கரையில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு நின்று நின்று நடந்தாலும் அதை முந்திவிடலாம். நான் முந்தியிருக்கிறேன்.

வைகையில் திறந்துவிடும் தண்ணீர் இராமநாதபுரம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர நாட்கணக்கில் ஆகும். வழி நெடுக ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாய்க்கால், அதன் வாயில் அடுக்கிய மணல் மூட்டைகள். நாலு மூட்டையை இழுத்துப் போட்டால் ஆற்றுத் தண்ணீர் அந்த ஊருக்குள் திரும்பிவிடும். அதனால் தண்ணீரின் முனை எங்கே இருக்கிறதோ அங்கே எங்கள் ஊர் ஆள் இருக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு. அது நகர்ந்தால் அவரும் நகர வேண்டும், நின்றால் அவரும் நிற்க வேண்டும். வழியில் வாய்க்கால் வந்தால் அடுத்த முறைக்காரர் வரும்வரை அதன் மூட்டைகளுக்குக் காவல் இருக்க வேண்டும். தண்ணிக்குத் துணை போவது என்று இதற்குப் பெயர். வீட்டுக்கு வீடு முறை வரும்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்து பத்து நாளாகியும் மழை இல்லை. விதைத்த நெல் முளைத்து, விரல் நீளத்தில் வெளுத்து நின்றது. முந்தின வருஷம் மேலே உள்ள ஊர்களோடு தண்ணீர் முடிந்துபோய் எங்களுக்குச் சொட்டுக்கூட வரவில்லை. ஆகவே இந்தத் தடவை முதல் தண்ணீர் எங்கள் கண்மாய்க்கு, மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு என்று ஊர்கள் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். மேலே அணை மதகைச் சனிக்கிழமை மாலையோடு அடைத்துவிடுவார்கள் என்றும் தகவல் வந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை அய்யாவின் முறை. அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். கூடப் போக வேண்டியவருக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் இல்லாததால் நான் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன். முறைகளைக் கவனிக்கும் பெரியப்பா பஸ் ஏறும் இடம்வரை வந்தார்.

“ஏலே, ஒன் தங்கச்சி ஊரு வாய்க்காத்தான் வழியில இருக்கு. விருந்துக்கு வந்தவன் மாதிரி உக்காந்துறாத. மூட்டைய விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

“தெரியும்ண்ணே,” என்றார் அய்யா. முந்தின இரண்டு நாளும் கண்மாய்க் கரையில் மண் வெட்டிப் போட்டுவிட்டு வந்தவர். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தே தூங்கினார்.

தண்ணீரின் முனையை நாங்கள் பார்த்தபோது காலை ஏழு மணி இருக்கும். எனக்குப் பெரிய ஏமாற்றம். நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு, சாராயப் புட்டி இரண்டு. அவற்றைத் தள்ளிக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு, மணலைத் தடவித் தடவி வந்தது. நனைந்த இடத்தில் பிள்ளைப்பூச்சிகள் பதறி வெளியே வந்தன. கொக்குகள் எங்களைப் போலவே தண்ணீரோடு நடந்து அவற்றைப் பொறுக்கித் தின்றன. அன்று அந்த ஆற்றில் அலுப்பில்லாமல் இருந்தவை அவை மட்டும்தான்.

கரைப் பாதையில் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அய்யா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நூறு அடி நடப்போம். அப்புறம் லாரிகள் மணல் அள்ளிப்போன பள்ளம் ஒன்று வரும். தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும். பள்ளம் நிறைந்து வழியும்வரை நாங்கள் உட்கார்ந்திருப்போம். அரைமணி நேரம் ஆகும், சில இடங்களில் ஒருமணி.

“அய்யா, நாம முன்னாடி போயி அத்தை வீட்டுல உக்காந்திருப்பமா? அது பின்னாடி வரட்டும்.”

“அது வழி மாறிப் போயிருச்சுன்னா ஊருக்கு யாருத்தா பதில் சொல்றது?”

அதற்கு மேல் பேசுவதற்கு அவரிடம் தெம்பு இல்லை. நான் கிளிஞ்சல்களை எண்ணினேன், கொக்குகளை எண்ணினேன், பிறகு எண்ணுவதையும் விட்டேன். மூன்று கிலோமீட்டர் நடக்க மதியம் ஆகிவிட்டது.

அத்தை ஊர் வாய்க்கால் வாயில், வேப்பமரத்து நிழலில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் அய்யாவுக்கு மாமன் மச்சான் முறை. தண்ணீர் அவர்கள் கண் முன்னால் மூட்டைகளை நனைத்துக்கொண்டு கடந்து போயிற்று. தங்கள் ஊருக்கு இல்லாத தண்ணீர் போவதை உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அவர்கள் கேலிதான் பேசினார்கள்.

“என்ன மச்சான், தண்ணிக்கு வழி தெரியாதாக்கும்? கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறீக?”

“வழி தெரியும் மாப்ள. வழியில நிக்கிற ஆளுகளப் பாத்துத்தான் அதுக்குப் பயம்.”

“காவலுக்கு மக வேறயா? போலீசு கெட்டது போங்க.”

அத்தை தூக்குவாளியில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தார். மாமா இறந்து ஒன்பது மாதம். அத்தை ஒற்றை ஆளாக விதைத்த முதல் வெள்ளாமை அது. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மூன்றாவது வயல் அவருடையது. எனக்கு முள் எடுத்துப் போட்டுக்கொண்டே, அய்யாவைப் பார்க்காமல் சொன்னார்.

“எங்க முறை வாரப்ப தண்ணி இருக்குமாண்ணே?”

“இருக்காதுத்தா.”

“ரெண்டு நாளைக்குத் தாங்கும். அதுக்கு மேல கருகிரும்.”

“எங்களதும் அப்படித்தான் நிக்கிது.”

அத்தை தலையை ஆட்டினார். அடுத்த முள்ளை எடுக்கக் குனிந்தார். அய்யா தட்டில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் வாய்க்கால் பக்கமே பார்த்தார். பிறகு முழுச் சோற்றையும் சாப்பிட்டார், கை கழுவினார், துண்டை உதறி மரத்தடியில் விரித்தார்.

“ஆத்தா, கண்ணு சொக்குது. செத்த சாயிறேன். யாராச்சும் மூட்டையத் தொட்டா என்னய எழுப்பு, என்ன?”

எனக்கு மட்டும் சொல்வதற்குத் தேவையானதைவிடச் சத்தமாகவே சொன்னார். மரத்தடி ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நானோ எனக்குக் கிடைத்த பதவியில் பூரித்துப்போய் மூட்டைகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது. மூன்று பேர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முதல் மூட்டையைப் புரட்டினார்கள்.

நான் ஓடினேன். “அய்யா, மூட்டைய எடுக்குறாக!” அவர் அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். குறட்டை வந்தது. எங்கள் வீட்டில் குறட்டை விடுவது அம்மாதான். காதுக்குள் கத்தினேன். தொடையில் கிள்ளினேன், நகம் பதியக் கிள்ளினேன். ஆற்றில் கையை நனைத்து வந்து முகத்தில் தெளித்தேன். இமைகள் துடித்தன, மூடியபடியே இருந்தன. அந்தப் பக்கம் புரண்டு படுத்தார்.

அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் சலசலவென்று இறங்க ஆரம்பித்தது. காலையிலிருந்து அந்தத் தண்ணீர் ஓடி நான் பார்த்தது அப்போதுதான். கேலி பேசிய மூவரும் அவசர அவசரமாக வேலை செய்தார்கள், இடையிடையே அய்யாவைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதேன். அத்தை என்னை இழுத்து மடியில் சேர்த்துக்கொண்டார்.

“தூங்கட்டும்த்தா. அண்ணன் ரொம்ப அலுத்துப் போயி வந்துருக்கு.”

மூன்றரை மணி சுமாருக்கு மூட்டைகளை மறுபடி அடுக்கினார்கள். கடைசி மூட்டை விழுந்த சத்தத்தில் அய்யா எழுந்துவிட்டார். அவ்வளவு நேரம் என் கூச்சலுக்கு எழாதவர். முகத்தைத் துடைத்தார், துண்டை மடித்தார், வாய்க்காலில் ஈரம் ஏறியிருந்த உயரத்தை ஒருமுறை பார்த்தார். அத்தை தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

நாலு மணிக்கு அடுத்த முறைக்காரர்கள் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். ஆற்றைப் பார்த்தார்கள், வாய்க்காலைப் பார்த்தார்கள். ஒருவர் செல்போனை எடுத்துக்கொண்டு கரையோரம் தள்ளிப் போனார்.

தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் மணலில் நின்றுபோனது. எங்கள் வயலும் மற்ற வயல்களோடு கருகியது. கார்த்திகையில் மழை பெய்தபோது அது ஆட்டுக்குப் புல் முளைக்கத்தான் உதவியது. அத்தை அந்த வருஷம் நெல் அறுத்தார். அய்யாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அந்தப் பகல் தூக்கத்தைப் பற்றி நான் அவரிடம் கேட்டதில்லை.

ஆனால் அன்று மாலை டீக்கடை முன்னால் ஊர் கூடியது. அய்யா கைகட்டி நின்று, “தூங்கிட்டேன்” என்றார். இரண்டு நாளாகக் கரையில் வேலை செய்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். பெரியப்பாவின் முகமே கொஞ்சம் இளகிவிட்டது. “மனுசன்தானப்பா, அசந்துட்டான்” என்று யாரோ சொன்னார்கள். அத்தோடு முடிந்திருக்கும்.

பெரியப்பா சும்மா என் பக்கம் திரும்பினார். “நீ பக்கத்துலதான இருந்த? எழுப்பியிருக்கலாம்லத்தா?”

பழி என் மேல் வருகிறது என்று நினைத்தேன். அய்யா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தரும் தைரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

“எழுப்புனேன் பெரியப்பா. உலுக்குனேன், காதுக்குள்ள கத்துனேன். கிள்ளிக்கூட வச்சேன், வேணும்னா தொடையில பாருங்க. தண்ணி தெளிச்சேன். அப்பயும் முழிக்கல.”

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பெரியப்பா அய்யாவை ஏறிட்டுப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அய்யா கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அதன் பிறகு தண்ணிக்குத் துணை போகும் முறை எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

வீடு வரும்வரை நான் நிமிர்ந்தே நடந்தேன். அய்யா எவ்வளவு அலுத்துப்போயிருந்தார் என்பதை, அவரால் சொல்ல முடியாததை, ஊருக்கு நான் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.