முதல் வகுப்பு ஆவுடையப்பன்

1936இல் புக்கீப்பிங் பரீட்சையில் ஆவுடையப்பன் முதல் வகுப்பில் தேறினான். கூடப் படித்த சேவுகன் தட்டுத்தடுமாறித்தான் தேறினான். மெட்ராஸில் ஆடிட்டரிடம் தொழில் பழக வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். அது இருவருக்கும் ஆகாது. மிச்சம் இரண்டே வழி: புதுக்கோட்டையில் சமஸ்தானக் குமாஸ்தா வேலை, அல்லது செட்டியார் கடைக்குக் கணக்கெழுத ரங்கூன் போவது. ரங்கூனில் சம்பளம் மூன்று மடங்கு.

ரங்கூன் கடைக்கு ஒரு ஆள் எடுக்க, திருமயத்துப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில் இருவரையும் உட்காரவைத்து, பழைய பேரேட்டில் ஒரு பக்கத்தைக் கூட்டச் சொன்னார்கள். எல்லாம் தமிழ் எண்கள். படிப்பைக் காட்டுவதற்காக ஆவுடையப்பன் அவற்றை இங்கிலீஷ் எண்ணாக மாற்றிக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் சேவுகன் வாய்க்குள் முணுமுணுத்தே கூட்டி முடித்துவிட்டான். கப்பல் சேவுகனுக்குக் கிடைத்தது.

ஆவுடையப்பன் சமஸ்தான ஆபீசில் உட்கார்ந்தான். சேவுகன் வீட்டுக்கு ரங்கூனிலிருந்து தேக்குக் கட்டில் வந்திறங்கிய அன்று ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டுக்குத் தப்பி, காடு மலையெல்லாம் நடந்து, சேவுகன் வெறுங்கையோடு ஊர் வந்து சேர்ந்தான். ஆவுடையப்பன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போனான். ஆறு வருஷத்தில் அவ்வளவு உற்சாகமாக அவன் எங்கும் போனதில்லை. திரும்பி வந்தபோது முகம் சுண்டியிருந்தது.

"என்னங்க, ரொம்ப மோசமா இருக்காரா?" என்று மனைவி சொர்ணவல்லி கேட்டாள்.

"அவனுக்கென்ன. வீடு கொள்ளாத கூட்டம். ஊரே அவன் கால் புண்ணப் பாத்து அழுவுது. நானும் ஆறு வருஷமா அந்த நாற்காலியில உக்காந்து தேயிறேன், ஒரு நாய் ஏன்னு கேட்டிருக்கா?"